சூயஸ் கால்வாயில் லாக் கேட் (தண்ணீர் மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவு) ஏன் இல்லை? நவசேவா (மும்பை அருகே உள்ள துறைமுகம்) சரக்கு ஏன் ஆப்பிரிக்காவைச் சுற்றுகிறது?

#1 நவசேவா_சரக்கு
எல்லாருக்கும் வணக்கம். மும்பை வாட்ஸப் குழுக்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது: "செங்கடல், மத்தியதரைக் கடலைவிட 10 மீட்டர் உசரம். அதனால சூயஸ்ல லாக் கேட் வெச்சுத்தான் கப்பலை இறக்குறாங்க." பனாமாவையும் சூயஸையும் போட்டுக் குழப்பிட்டாங்களா, இல்ல நெசமாவே அப்படியா?

ரெண்டாவது, கால்வாய் திறந்துதான் இருக்குது. ஒரு நாள்கூட மூடலை. அப்புறம் ஏன் 2023 கடைசியிலேர்ந்து லைன் கம்பெனிங்க (பெட்டிக் கப்பல் ஓட்டுறவங்க) கேப் வழியா, அதாவது ஆப்பிரிக்காவோட தென்கோடி நன்னம்பிக்கை முனை வழியா சுத்துறாங்க? ஏற்றுமதி பார்ட்டிக்குச் சொல்றதுக்குக் கணக்கோட ஒரு பதில் வேணும். விஷயம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

#2 பாலத்துக்காரன்
லாக் கேட் ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே போர்ட் சயீதில் நுழைந்தால் தெற்கே போர்ட் தவ்ஃபிக் வரை ஒரே தண்ணீர் மட்டம். போர்ட் சயீத் – இஸ்மாயிலியா 78.5 கி.மீ., இஸ்மாயிலியா – போர்ட் தவ்ஃபிக் 83.75 கி.மீ. இரு முனையிலும் கடலுக்குள் தோண்டியிருக்கும் அணுகுவழியைச் சேர்த்தால் 193 கி.மீ. நடுவில் திம்சா ஏரி, பெரிய கசப்பு ஏரி, சின்னக் கசப்பு ஏரி.

இரண்டு கடலின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் சில பத்து சென்டிமீட்டர்தான், அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறும். கசப்பு ஏரிக்கு வடக்கே நீரோட்டம் குளிர்காலத்தில் வடக்கு நோக்கியும் கோடையில் தெற்கு நோக்கியும் ஓடும். ஏரிக்குத் தெற்கே செங்கடலின் ஓதம் (தினசரி கடல் ஏற்றமும் வற்றமும்) வந்து தினமும் முன்னும் பின்னும் தள்ளும். சூயஸ் முனையில் ஓத வீச்சு 1.5 முதல் 2 மீட்டர், போர்ட் சயீதில் அரை மீட்டர். அவ்வளவே.

#3 கோட்டை_வாசகர்
அந்தப் "10 மீட்டர்" கதைக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது. வாட்ஸப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது உடன் சென்ற பொறியாளர் லெ பேர் பாலைவனத்தில் மட்ட அளவை செய்தார். சண்டைக்கு நடுவே, விட்டுவிட்டுச் செய்த வேலை. சங்கிலிபோல ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு அளவு கடத்தும் முறையில் ஒவ்வொரு சிறு பிழையும் அடுத்ததோடு சேரும். முடிவில் செங்கடல் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் என்று வந்தது. வெட்டினால் நைல் கழிமுகம் முழுகிவிடும் என்ற அச்சம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1847-இல் பூர்தலூ தலைமையில் மறு அளவை செய்த பிறகுதான் இரு கடலும் ஏறத்தாழ ஒரே மட்டம் என்று உறுதியாயிற்று.

பழங்காலத்தில் கால்வாயே இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் நெக்கோ தொடங்கி, பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் முடித்த கால்வாய் ஒன்று இருந்தது. ஆனால் அது நைல் ஆற்றையும் செங்கடலையும் இணைத்தது. கடலிலிருந்து கடலுக்கு நேராக வெட்டியது 19-ஆம் நூற்றாண்டு.

#4 செம்பூர்_அலை
சரி, மட்டம் ஒண்ணுன்னா பனாமாவுல மட்டும் எதுக்கு லாக்? அங்க பசிபிக் உசரம், அட்லாண்டிக் பள்ளம்னுதானே ஸ்கூல்ல சொன்னாங்க? நம்ம மும்பை இந்திரா டாக்லயும் லாக் கேட் இருக்குதே. அது மட்டும் எதுக்கு?

#5 பாலத்துக்காரன்
மூன்றுக்கும் மூன்று காரணம்.

இந்திரா டாக்: 1914-இல் அலெக்ஸாண்ட்ரா டாக் என்று கட்டியது. லாக் 228.6 மீட்டர் நீளம், 30.5 மீட்டர் அகலம். மும்பையில் பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். டாக்கைத் திறந்து விட்டால் வற்றத்தின்போது உள்ளே நிற்கும் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஏற்றத்தில் வந்த தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கத்தான் கேட்.

பனாமா: இரு பக்கமும் கடல் மட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவில் மலையும் சாக்ரஸ் ஆறும் இருப்பதுதான் சிக்கல். மலையைக் கடல் மட்டம் வரை வெட்டுவதற்குப் பதில் ஆற்றை அணைகட்டிக் காட்டூன் ஏரியாக்கி, கப்பலை 26 மீட்டர் மேலே தூக்கி, ஏரி வழியே ஓட்டி, மறுபக்கம் இறக்குகிறார்கள். அதாவது லாக் இருப்பது கப்பலை மலை ஏற்ற. ஒரு கப்பல் கடக்க சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. அதனால்தான் 2023 வறட்சியில் அங்கே தினசரி கப்பல் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

சூயஸ்: மலையும் இல்லை, 4 மீட்டர் ஓதமும் இல்லை. மணலும் காய்ந்த உப்புப் பள்ளங்களும்தான். வெட்டினால் கடலே வந்து நிரப்பிக்கொள்ளும்.

#6 கோட்டை_வாசகர்
இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் போனவர் வேறு யாருமில்லை, சூயஸை வெட்டி முடித்த ஃபெர்டினான் த லெசெப்ஸ்தான். பனாமாவிலும் கடல் மட்டத்திலேயே வெட்டுவேன் என்று 1881-இல் இறங்கினார். மழையும் மண்சரிவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். 1889-இல் கம்பெனியே திவால். அவர் பொறியாளர் அல்லர், தூதரக அதிகாரி. இணங்க வைப்பதில் கைகாரர்.

சூயஸுக்கு எகிப்தின் ஆளுநர் சயீத் பாஷாவிடம் 1854-இல் உரிமம் வாங்கினார், 1856-இல் அதை விரிவாக்கினார். கால்வாய் திறந்த நாளிலிருந்து 99 ஆண்டு அவருடைய சூயஸ் கம்பெனிக்கு. 1859 ஏப்ரல் 25-இல் போர்ட் சயீத் மணலில் முதல் மண்வெட்டி விழுந்தது. தொடக்க ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர், ஊர் ஊராகப் பிடித்து வந்த கட்டாய உழைப்பு. ஒரு நேரத்தில் 20,000 பேர் வரை. கையால் மண் தோண்டிக் கூடையில் சுமந்தார்கள். குடிதண்ணீரே ஒட்டகத்தில் வந்தது. நைலிலிருந்து நன்னீர் வாய்க்கால் 1863-இல் சூயஸ் ஊரைத் தொட்டபிறகுதான் மூச்சு விட முடிந்தது.

1864-இல் சயீதுக்கு அடுத்து ஆளுநரான இஸ்மாயில் பாஷா கட்டாய உழைப்பை நிறுத்தினார். உரிமத்தை மீறினார் என்று கம்பெனி வழக்காட, மூன்றாம் நெப்போலியன் நடுவராக உட்கார்ந்து, எகிப்து 8.4 கோடி பிராங்க் கட்ட வேண்டும் என்று தீர்த்தார். அதில் ஒரு பங்கு அடிமைவேலையை நிறுத்தியதற்கு அபராதம்! வேடிக்கை என்னவென்றால் வேலை வேகம் பிடித்ததே அதன் பிறகுதான். போரெல், லாவலே கம்பெனி நீராவி வாளிச்சங்கிலி டிரெட்ஜர்களை இறக்கியது. மொத்தம் ஏறத்தாழ 7.4 கோடி கன மீட்டர் மண்ணில் முக்கால் பங்கை எடுத்தவை அந்த இயந்திரங்கள்தாம். 1869 நவம்பர் 17-இல் திறப்பு விழா. அன்றைய ஆழம் 8 மீட்டர், அடி அகலம் 22 மீட்டர். எதிர்க் கப்பல் வந்தால் ஒதுங்க அங்கங்கே ஒதுங்குதுறை. மறு வருஷம் முழுக்கக் கடந்த கப்பல் 486-தான்.

பங்கு விற்று வந்த பணம் 20 கோடி பிராங்க், செலவு அதைப்போல இரண்டு மடங்கு. கடனில் மூழ்கிய இஸ்மாயில் 1875-இல் தம் 1,76,602 பங்குகளை 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனுக்கு விற்றார். முதலில் இந்தக் கால்வாயே கூடாது என்று முட்டுக்கட்டை போட்ட நாடு அது.

#7 நவசேவா_சரக்கு
ஐயா, அருமை. அந்த அபராதம் புதுத் தகவல். மும்பைக்கு இதனால என்ன ஆச்சுன்னும் ரெண்டு வரி சொல்லுங்க. டாக் பேரெல்லாம் அந்தக் காலத்துலதான வருது?

#8 கோட்டை_வாசகர்
பம்பாய் – லண்டன் நன்னம்பிக்கை முனை வழியே சுமார் 10,700 கடல் மைல். சூயஸ் வழியே 6,200 சொச்சம். அதுவரை இந்தியாவின் தலைவாசல் கல்கத்தாவும் சென்னையுமாக இருந்தது. 1869-க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு முதல் கரை பம்பாய். 1873-இல் பம்பாய் போர்ட் டிரஸ்ட், 1875-இல் சசூன் டாக், 1880-இல் பிரின்சஸ் டாக், 1888-இல் விக்டோரியா டாக். ஆண்டுகளை வரிசையாகப் படித்தாலே விளங்கும்.

இன்னொன்று. கால்வாய் எல்லாக் கப்பலுக்கும் வழி திறக்கவில்லை. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுக்க வடக்குக் காற்று. பாய்மரக் கப்பல் அதில் மேலேறுவது பெரும்பாடு. கால்வாயில் இழுவைப் படகு வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே லாபம் முழுக்க நீராவிக் கப்பலுக்கு. ஏடனில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஓடின. பாய்மரத் தேயிலைக் கப்பல்களில் பேர்போன கட்டி சார்க் நீரில் இறங்கியது அதே 1869 நவம்பரில். பிறந்த மாதத்திலேயே அதன் தொழிலுக்கு உலை வைத்தாயிற்று.

#9 சயான்_மாணவி
சார், தியரி புத்தகத்துல "கான்வாய் சிஸ்டம்" (கப்பலுங்க வரிசையா சேர்ந்து கடக்குறது) ஒரே பத்தியில முடிஞ்சிடுது. கப்பல் வந்து சேர்றதுலேர்ந்து வெளிய போற வரைக்கும் பிரிட்ஜ்ல (கப்பலை ஓட்டுற மேல்தள அறை) என்ன நடக்குதுன்னு வரிசையா சொல்ல முடியுமா?

#10 பாலத்துக்காரன்
சொல்கிறேன் தங்கச்சி. தெற்கிலிருந்து வடக்கே போகும் கப்பலை வைத்து.

கப்பல் வருவதற்கு முன்பே ஏஜென்ட் மூலம் இடம் பதிவு செய்து சுங்கத்தை முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். சுங்கம் சூயஸ் நெட் டன்னேஜ் (சரக்குக்குப் பயன்படும் கொள்ளளவு) அடிப்படையில். அதற்கென்று தனி அளவைச் சான்றிதழ் கப்பலில் இருக்க வேண்டும், சாதாரண நெட் டன்னேஜ் எண் இங்கே செல்லாது. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆணையம் வகுத்த முறை இன்றும் அடிப்படை. கட்டண அலகு டாலர்கூட அல்ல, எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.-இன் கணக்கு அலகு).

குறித்த நேரத்துக்குள் சூயஸ் நங்கூரத் தளத்துக்கு வந்தால் மறுநாள் கான்வாயில் இடம். தாமதமானால் கூடுதல் கட்டணம், அதற்கும் மேல் தாமதித்தால் இன்னொரு நாள் காத்திருப்பு. விடியற்காலை இரு முனையிலிருந்தும் ஆளுக்கொரு கான்வாய் புறப்படும். இரட்டைப் பாதை உள்ள பகுதியில் ஒன்றையொன்று கடக்கும். 2015 ஆகஸ்ட் 6-இல் திறந்த புதுக் கால்வாய் அதற்குத்தான்: 60-ஆம் கி.மீ. முதல் 95 வரை 35 கி.மீ. புதிதாக வெட்டியது, 37 கி.மீ. பழைய கிளைகளை ஆழ அகலப்படுத்தியது. முன்பு தெற்கே போகும் கான்வாய் நடுவில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

ஏறுவது பைலட் (கால்வாயின் வழிகாட்டி) மட்டுமல்ல. கட்டுப்படகுகளும் அதன் ஆட்களும் ஏறுவார்கள். படகைக் கப்பலின் கிரேனில் தூக்கி மேலே வைத்துக்கொள்வது. மூடுபனி வந்தாலோ எஞ்சின் நின்றாலோ கயிற்றைக் கரையிலுள்ள பொல்லார்டுக்கு (கயிறு கட்டும் குற்றி) கொண்டுபோக அந்தப் படகுதான் வழி. அணியத்தில் (கப்பலின் முன்முனை) சூயஸ் சர்ச்லைட் வேண்டும், 1,800 மீட்டர் முன்னால் மிதப்பதைக் காட்டும் அளவுக்கு. அதன் ஒளிக்கற்றையை நடுவில் இருட்டு விட்டு இரண்டாகப் பிரிக்க முடிய வேண்டும். எதிரே வருபவர் கண் கூசாமல் இரு கரையும் தெரியும். 1887-இல் இந்த விளக்கு வந்ததால்தான் இரவுப் பயணமே சாத்தியமாயிற்று.

ஓட்டும்போது: இஸ்மாயிலியாவில் பைலட் மாறுவார். வேகம் வகைக்கு ஏற்ப மணிக்கு 14 – 16 கி.மீ., அதாவது 7.6 – 8.6 நாட். அணியத்தில் ஆள் நிற்க, இரு நங்கூரமும் உடனே விழத் தயாராக இருக்க வேண்டும். மொத்தம் 11 முதல் 16 மணி நேரம்.

தேர்வுக்கு ஒன்று: சூயஸில் பைலட் ஆலோசகர்தான், பொறுப்பு கேப்டனுடையது. பனாமாவில் கப்பலை ஓட்டும் அதிகாரமே பைலட்டிடம் போய்விடும். கேட்பார்கள்.

#11 எண்ணெய்க்கை
கீழே நடக்குறதையும் சொல்லணும், பிரிட்ஜ்காரங்க சொல்ல மாட்டாங்க.

வர்றதுக்கு முன்னாடி மெயின் எஞ்சினை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பார்த்தாச்சான்னு பதிவு வேணும். ஸ்டியரிங் மோட்டார் ரெண்டும் ஓடணும், ஒண்ணு ஸ்டாண்ட்பை இல்ல. எமர்ஜென்சி ஸ்டியரிங் டெஸ்ட் பண்ணி ஆள் எங்க நிக்கணும்னு சொல்லி வெச்சிருக்கணும். ஜெனரேட்டர் குறைஞ்சது ரெண்டு பேரலல்ல. ஸ்டார்ட்டிங் ஏர் பாட்டில் ரெண்டும் ஃபுல். சீ சக்ஷனை (எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணி உறிஞ்சுற வாய்) மேல் சக்ஷனுக்கு மாத்தணும். கீழ் சக்ஷன்ல விட்டா வண்டல் உறிஞ்சி ஸ்ட்ரெயினர் (வடிகட்டி) அடைச்சு கூலிங் பிரஷர் விழும், அப்புறம் ஜெனரேட்டர் டிரிப் (தானா நின்னுடும்), பிளாக்அவுட். 200 மீட்டர் பாதையில பிளாக்அவுட்டுன்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை.

8 நாட் வேகத்துல பெரிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ரொம்பக் குறைஞ்ச லோடுல ஓடும். டர்போசார்ஜர் தரும் காத்து போதாது, ஆக்சிலரி புளோயர் மணிக்கணக்கா ஓடணும். அது டிரிப் ஆனா புகையும் கரியும்தான். ஏரிக்கு வந்ததும் ஸ்ட்ரெயினர் மாத்திக் கழுவிக்கணும், அங்கதான் கொஞ்சம் இடம் இருக்குது.

#12 செம்பூர்_அலை
கால்வாய் 24 மீட்டர் ஆழம். 2021-ல அங்க குறுக்கே மாட்டின பெட்டிக் கப்பல் எவர் கிவன் தண்ணிக்குள்ள முழுகிக் கிடந்தது 16 மீட்டருக்கும் கம்மி. 8 மீட்டர் மிச்சம் இருக்குறப்ப எப்படிப்பா தட்டும்? காத்து அடிச்சிருச்சுன்னு சொல்றது சும்மா சாக்கு மாதிரி இருக்குது.

#13 பாலத்துக்காரன்
அடி தட்டவில்லை அண்ணாச்சி, கரைதான் தட்டியது. 24 மீட்டர் என்பது நடுப் பாதையில். பக்கவாட்டில் கரை சரிவாக ஏறும். 24 மீட்டர் ஆழம் இருக்கும் அடிமட்ட அகலம் 121 மீட்டர் வாக்கில். கப்பல் 400 மீட்டர் நீளம், ஏறக்குறைய 59 மீட்டர் அகலம்.

முதலில் காற்று. பெட்டி அடுக்கோடு சேர்ந்து பக்கவாட்டுப் பரப்பை 16,000 சதுர மீட்டர் என்று வையுங்கள். 40 நாட் காற்று செங்குத்தாக அடித்தால் சதுர மீட்டருக்கு 260 நியூட்டன். பெருக்கினால் 400 டன்னுக்கு மேல் தள்ளுவிசை. இதை எதிர்த்து நேராகப் போக, கப்பல் கொஞ்சம் காற்றுப் பக்கம் சாய்ந்த கோணத்தில் நகர வேண்டும். 5 டிகிரி சாய்ந்தாலே அது அடைக்கும் பாதை 94 மீட்டர். 121-இல் 94! வேகம் குறையக் குறைய இந்தக் கோணம் பெரிதாகும். அதனால் காற்றில் எல்லோருக்கும் கை தானாக வேகத்தைக் கூட்டச் சொல்லும்.

இப்போது வேகம். ஸ்க்வாட் (ஓடும்போது கப்பல் கூடுதலாக அமிழ்வது) கணக்குக்கு எளிய சூத்திரம்: பிளாக் குணகத்தை (கப்பலின் அடிவடிவம் எவ்வளவு பெட்டிபோல என்ற எண்) நாட்டில் சொன்ன வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் திறந்த நீரில் கப்பல் அமிழும் மீட்டர். இடுங்கிய கால்வாயில் அதைப்போல இரண்டு மடங்கு. குணகம் 0.65 என்றால் 8 நாட்டில் 0.83 மீட்டர். 13 நாட்டில் 2.2 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடினதற்கு ஸ்க்வாட் இரண்டரை மடங்குக்கு மேல்.

அமிழ்வதைவிட மோசம் பக்க இழுப்பு. கால்வாயின் குறுக்கு வெட்டு 5,000 சதுர மீட்டர் அளவில். இந்தக் கப்பல் அதில் 900 சதுர மீட்டருக்கு மேல் அடைக்கிறது. முன்னால் தள்ளிய நீர் கப்பலுக்கும் கரைக்கும் இடையிலுள்ள சந்தில் பின்னோக்கி ஓடித்தான் ஆக வேண்டும். கரை நெருங்கிய பக்கம் ஓட்டம் வேகமாகி அழுத்தம் விழும். பின்புறம் கரைக்கு இழுபடும், அணியம் கரையிலிருந்து தள்ளப்படும். விளைவு, கப்பல் எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பும். இதுவும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 2021 மார்ச் 23-இல் அந்தக் கப்பல் 13 நாட் வாக்கில் போனதாக ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் ஒலிபரப்பும் கருவி) பதிவுகள் காட்டின.

ஆகவே மெதுவாகப் போனால் காற்று ஜெயிக்கும், வேகமாகப் போனால் கரை ஜெயிக்கும். நடுவில் உள்ள இடைவெளி கப்பல் பெருக்கப் பெருக்கச் சுருங்கிக்கொண்டே வருகிறது. காற்று சாக்கு அல்ல, ஆனால் காற்று மட்டும் காரணமும் அல்ல.

#14 எண்ணெய்க்கை
ஒண்ணு சேர்க்கணும். சுக்கான் வேலை செய்றது புரொப்பெல்லர் தள்ளுற தண்ணியால. வேகத்தைக் குறைக்கணும்னு எஞ்சினைச் சட்டுனு இழுத்தா அந்தத் தண்ணி நின்னு சுக்கான் செத்துப் போகும், கப்பல் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். 2 லட்சம் டன் எடை, உடனே நிக்குமா? அதனால முதல்ல வேகம் ஏத்தாம இருக்குறதுதான் மருந்து. ஏத்தின பிறகு இறக்குறது தனி வித்தை.

#15 சயான்_மாணவி
மாட்டின கப்பலை எப்படி எடுத்தாங்க? டக் (இழுவைப் படகு) வெச்சு இழுத்ததுனா முதல் நாளே இழுத்திருக்கலாமே?

#16 பாலத்துக்காரன்
முதல் நாளே இழுத்தார்கள், அசையவில்லை. மாட்டியது 151-ஆம் கி.மீ., தெற்கு முனையிலிருந்து 11 கி.மீ. அங்கே ஒற்றைப் பாதை. அணியத்தின் குமிழ்மூக்கு கிழக்குக் கரைக்குள் ஆழப் பதிந்து, பின்புறம் மேற்குக் கரைப் பக்கம் தட்டியிருந்தது. இரண்டு முனையும் கரையில், நடு உடல் தண்ணீரில். கண்டபடி இழுத்தாலோ எடையை இறக்கினாலோ நடுவில் முறியும் ஆபத்து.

வேலை மூன்று பக்கமும் நடந்தது. மஷ்ஹூர் என்ற உறிஞ்சு டிரெட்ஜர் அணியத்தைச் சுற்றி ஏறத்தாழ 30,000 கன மீட்டர் மணலும் களியும் எடுத்தது. கப்பலுக்கு மிக நெருங்கினால் மண் சரிந்து டிரெட்ஜரே மாட்டும், ஆகவே எட்டி நின்றே தோண்ட வேண்டும். கப்பலின் பாலஸ்ட் தண்ணீரை (சமநிலைக்கு அடித்தொட்டிகளில் வைத்திருப்பது) இடம் மாற்றினார்கள். பௌர்ணமி 28-ஆம் தேதி, அதை ஒட்டிய உயர் ஓதத்துக்குக் காத்திருந்தார்கள். 29 அதிகாலை பின்புறம் விடுபட்டது, பிற்பகலில் வற்றம் இறங்கும் நீரின் இழுப்பும் டக்குகளும் சேர்ந்து அணியத்தைப் பிடுங்கின. அதற்குள் 400 கப்பலுக்கு மேல் வரிசையில். ஓதம் 1.5 மீட்டர்தானே என்று #2-இல் அலட்சியமாக எழுதினேன். அந்த 1.5 மீட்டர் இல்லாவிட்டால் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டியிருந்திருக்கும். 20,000 பெட்டி கொள்ளும் கப்பல், அந்த உயரத்துக்கு எட்டும் மிதவைக் கிரேன் பக்கத்தில் கிடையாது.

கப்பல் ஊழியர் 25 பேரும் இந்தியர்கள். இழப்பீட்டுத் தகராறு முடிந்து ஜூலை 7 அன்றுதான் கப்பல் புறப்பட்டது. அதன்பின் 132 முதல் 162 கி.மீ. வரை கால்வாயைக் கிழக்கே 40 மீட்டர் அகலப்படுத்தி ஆழப்படுத்தினார்கள், 122 – 132-ஐ இரட்டைப் பாதை ஆக்கினார்கள்.

#17 நவசேவா_சரக்கு
இது நம்ம ஏரியா, நான் சொல்றேன். அந்தக் கப்பலுக்கு ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சாங்க. மீட்ட செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரங்களும் மதிப்புக்கு ஏத்தபடி பகிர்ந்துக்கணும். உதாரணத்துக்கு, காப்பாத்தின மொத்த மதிப்பு 1,000 கோடி, செலவு 50 கோடின்னா 5 சதவீதம். 20 லட்ச ரூபாய் சரக்குக்கு 1 லட்சம். சரக்குல ஒரு கீறல்கூட இல்லைன்னாலும் கட்டணும்.

டெலிவரி எடுக்க: சரக்குக்காரர் கையெழுத்துப் போட்ட ஆவரேஜ் பாண்டு, இன்சூரன்ஸ் கம்பெனியோட ஆவரேஜ் கியாரண்டி, கமர்ஷியல் இன்வாய்ஸ், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) நகல். இன்சூரன்ஸ் இல்லாதவங்க ரொக்கம் டெபாசிட். எல்.சி.எல். (பலர் சரக்கு சேர்ந்த) பெட்டியா இருந்தா இன்னும் தலைவலி. உள்ள 12 பார்ட்டி சரக்கு இருந்தா 12 பேரும் பாண்டு கொடுத்தாத்தான் பெட்டி நகரும், ஒருத்தர் போன் எடுக்கலைன்னா மத்த 11 பேரும் காத்துக் கிடக்கணும்.

பலர் ஏமாறுற இடம்: சரக்கு இன்சூரன்ஸ்ல சாதாரண ஏ, பி, சி எந்த கிளாஸ் எடுத்தாலும் ஜெனரல் ஆவரேஜ் பங்கு கவர் ஆகும். ஆனா தாமதத்தால வர்ற நஷ்டம் மூணுலயும் கவர் ஆகாது. சீசன் தப்பிடுச்சு, பையர் ஆர்டரைத் தள்ளிட்டார், இதெல்லாம் நம்ம தலையிலதான்.

#18 செம்பூர்_அலை
கால்வாய் முழுசா மூடின காலமும் உண்டுல்ல? அந்தப் போர் விவகாரத்தையும் சுருக்கமா போட்டுடுங்க ஐயா. கேப் வழியே போறது புதுசு இல்லைன்னு தெரியட்டும்.

#19 கோட்டை_வாசகர்
இரண்டு முறை. 1956 ஜூலை 26-இல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்குவதாக அலெக்ஸாந்திரியாவில் பேசினார். பேச்சில் லெசெப்ஸ் பெயர் வருவதே அடையாளச் சொல். அதைக் கேட்டதும் ஆட்கள் கம்பெனி அலுவலகங்களுக்குள் நுழைந்து பொறுப்பேற்றார்கள். 99 ஆண்டு உரிமம் முடிய 12 ஆண்டு மிச்சம் இருந்தது. அஸ்வான் அணைக்குக் கடன் இல்லை என்று அமெரிக்கா கைவிரித்ததுதான் உடனடிக் காரணம். செப்டம்பரில் வெளிநாட்டு பைலட்டுகள் வேலையை விட்டுப் போனார்கள். கால்வாய் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள், எகிப்தியரும் கிரேக்கருமாக ஓட்டிக் காட்டினார்கள். பிறகு இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் தாக்க, எகிப்து கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. 1957 ஏப்ரலில்தான் சீரானது.

இரண்டாவது முறை 1967 ஜூன் முதல் 1975 ஜூன் 5 வரை, எட்டு ஆண்டு. பெரிய கசப்பு ஏரியில் 14 கப்பல்கள் அகப்பட்டு, பாலைவன மணல் படிந்து நின்றதால் மஞ்சள் கப்பற்படை என்றே பெயர் வந்தது. இந்த எட்டு ஆண்டின் பெரிய விளைவு கப்பல் கட்டும் தொழிலில். எண்ணெய் எப்படியும் ஆப்பிரிக்காவைச் சுற்றத்தான் வேண்டும் என்றால் கால்வாய் அளவுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? 1968-லேயே 3 லட்சம் டன் தாண்டிய டேங்கர் வந்துவிட்டது. கால்வாய் மறுபடி திறந்தபோது அவற்றுக்கு அது குட்டையாகத் தெரிந்தது. அதைத் துரத்தித்தான் இன்றுவரை ஆழப்படுத்துகிறார்கள்.

#20 பாலத்துக்காரன்
இன்றைய எல்லை: 50 மீட்டர் அகலம் வரை உள்ள கப்பலுக்கு 20.1 மீட்டர் டிராஃப்ட் (தண்ணீருக்குள் முழுகும் ஆழம்). அகலம் கூடினால் டிராஃப்ட் குறையும், 77.5 மீட்டர் அகலத்துக்கு 12.2. தண்ணீருக்கு மேல் உயரம் 68 மீட்டர், சூயஸ் பாலத்தால். முழு எடை ஏற்றிய வி.எல்.சி.சி. (மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்) புகாது. செங்கடல் பக்கம் ஐன் சுக்னாவில் கொஞ்சம் எண்ணெயை சுமெட் என்ற எண்ணெய்க் குழாயில் இறக்கி, கடந்து போய், மத்தியதரைக் கடல் முனையில் சிடி கெரிரில் திரும்ப ஏற்றிக்கொள்வது உண்டு. குழாய் 320 கி.மீ., 1977 முதல் ஓடுகிறது.

#1-இன் இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கிறது. சரக்கு அண்ணன்தான் முடிக்க வேண்டும்.

#21 நவசேவா_சரக்கு
எல்லாரும் சொன்னதை வெச்சு நானே போட்டுப் பார்த்தேன். தப்பு இருந்தா திருத்துங்க.

பிரச்சினை கால்வாய்ல இல்ல, அதுக்குத் தெற்கே 2,000 கி.மீ. தாண்டி செங்கடலோட தெற்கு வாசல் பாப் எல் மண்டெப் ஜலசந்தியில. 2023 நவம்பர்லேர்ந்து ஏமன் நாட்டு ஹூதி படையோட தாக்குதல். கால்வாய் திறந்திருந்தும் அதுக்குப் போற தெருவுல கல்லெறி நடந்தா யாரு போவாங்க? வார் ரிஸ்க் பிரீமியம் ஏறுது, மாலுமிங்க உயிர் வேற.

நவசேவா – ராட்டர்டாம் சூயஸ் வழி 6,300 கடல் மைல் சொச்சம், கேப் வழி அதைவிட 4,500 கூட. 14 நாட் வேகத்துல ஒரு நாளைக்கு 336 மைல். 13 நாளுக்கு மேல கூடுது. தினம் 100 டன் எண்ணெய்னு வெச்சா 1,300 டன். இதுக்கு எதிர்ல மிச்சமாறது கால்வாய் சுங்கமும் வார் ரிஸ்க்கும். எண்ணெய் விலை விழுந்தா இந்தத் தராசு சாயும். 2020-ல போர் எதுவும் இல்லாமலே எண்ணெய் மலிஞ்சதால சில லைன்கள் கேப் வழி போனாங்க, கால்வாய்க்காரங்க தள்ளுபடி கொடுத்துக் கூப்பிட்டாங்க.

பார்ட்டிக்குச் சொல்ல வேண்டியது: ஒரே சர்வீஸுக்கு வாரம் ஒரு கப்பல்னு ஓட்ட, சுத்துவழி 26 நாள் கூடினா (போக 13, வர 13) கூடுதலா 4 கப்பல் வேணும். அதனாலதான் இடமும் காலிப் பெட்டியும் தட்டுப்பாடு, ரேட் ஏத்தம். எல்.சி.யில (பேங்க் தர்ற பண உத்தரவாதக் கடிதம்) டாக்குமெண்ட் தேதியும் பையர் ஸ்டாக் கணக்கும் ரெண்டு வாரம் தள்ளிப் போடணும். நாசிக் திராட்சை மாதிரி சரக்குன்னா ரீஃபர்ல (குளிர்பெட்டி) மைனஸ் 0.5-லேர்ந்து 0 டிகிரி, பூஞ்சை வராம உள்ள வைக்கிற சல்ஃபர் டை ஆக்சைடு பேட் நீளமான பயணத்துக்குத் தாங்குமான்னு பேக்கிங் நேரத்துலயே பார்த்துக்கணும். கப்பல் ஏறின பிறகு அதுக்கு வைத்தியம் இல்ல.

#22 எண்ணெய்க்கை
கணக்கு சரி. ஒரே திருத்தம்: கேப் வழியில 14 நாட் வேகத்துல போறேன்னு திட்டம் போட்டாலும் ஜூன் – ஆகஸ்ட்ல தென் ஆப்பிரிக்கா பக்கம் அலை அடிக்கும், அகுல்ஹாஸ் நீரோட்டத்துக்கு எதிரா தென்மேற்குக் காத்து வந்தா அலை செங்குத்தா நிக்கும். வேகம் விழும், மேல் அடுக்குப் பெட்டி லாஷிங் (பெட்டியைப் பிடிச்சுக் கட்டுற கட்டு) விட்டுக் கடல்ல போறதும் அங்கதான் நடக்குது. 13 நாளோட ரெண்டு மூணு நாள் சேர்த்தே சொல்லுங்க. லேசான பெட்டியை மேல வைக்கச் சொல்ற பிளானை மதிக்கணும்னா வி.ஜி.எம். (பெட்டியோட சரிபார்த்த மொத்த எடை) எடையை ஒழுங்கா எழுதச் சொல்லுங்க.

#23 நவசேவா_சரக்கு
எழுதிக்கிட்டேன் அண்ணாச்சி. வி.ஜி.எம். விஷயத்துக்குத் தனி இழை திறக்குறேன், இங்க போட்டா இது முடியாது.